கணினிக்குள் ஓடும் தண்ணீர்: வாசகர் கேள்வி–பதில்

தண்ணீரால் குளிர்விக்கப்படும் கணினிகளைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி எட்டிப் பார்ப்பது கூலன்ட்தான், அதாவது குழாய்களுக்குள் ஓடிச் சூட்டை ஏந்திச் செல்லும் திரவம். எதை ஊற்றுவது, எதை ஊற்றக் கூடாது, ஊற்றிய பிறகு என்ன ஆகும்? இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, முதல்முறையாக வாட்டர் கூலிங் கணினி கட்டுகிறேன். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும், அவற்றின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பிளாக் வாங்கியாகிவிட்டது. கூலன்ட் வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. எதை ஊற்றினால் வெப்பநிலை அதிகம் குறையும்? விலை கூடினால் குளிர்ச்சியும் கூடுமா?

பதில்: தம்பி, கூலன்டை மாற்றி வெப்பநிலையைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் இறக்கி வையுங்கள். குளிர்விப்பது தண்ணீர். பாட்டிலில் இருக்கும் மற்றதெல்லாம் அந்தத் தண்ணீரையும் உங்கள் உலோகத்தையும் காப்பதற்காகச் சேர்த்தவை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். கூலன்ட்களில் கலக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கு 2.4 கிலோஜூல் போதும். அதாவது ஒரே அளவு சூட்டுக்கு கிளைக்கால் சீக்கிரம் சூடேறிவிடும். வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீர்தான் முன்னால் நிற்கிறது. பாட்டிலுக்குள் தண்ணீரைவிட அதிகம் குளிர்விக்கும் மாயத் திரவம் எதுவும் இல்லை.

உங்கள் பிராசஸரும் கார்டும் சேர்ந்து 300 வாட் சூட்டைத் தள்ளுகின்றன, பம்ப் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் தண்ணீர் என்றால் பிளாக்குகளைக் கடந்து வெளியே வரும்போது அது உள்ளே போனதைவிட 1.1 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். முப்பது சதவீதம் கிளைக்கால் கலந்தால் அது சுமார் 1.2 ஆகும். இந்தத் துளி வித்தியாசத்துக்காக யாரும் பாட்டிலுக்கு பாட்டில் தாவ வேண்டியதில்லை. வெப்பநிலையைத் தீர்மானிப்பது ரேடியேட்டரின் பரப்பும் அதன் முன்னால் சுழலும் விசிறியும்தான். கையில் காசு மிஞ்சினால் அங்கே போடுங்கள்.

அப்படியானால் கூலன்ட் எதற்கு? அதைச் சொல்வதற்கு முன் நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தண்ணீர் சுற்றி வரும் பாதையில், அதாவது உங்கள் சுற்றில், என்னென்ன உலோகம் இருக்கிறது? நீங்கள் எழுதவே இல்லை. பெரும்பாலான கடிதங்களிலும் இது இருப்பதில்லை. நிறத்தைப் பற்றி நான்கு வரி, உலோகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பிளாக்கின் அடிப்பகுதி செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பாக இருக்கும். குழாயை இணைக்கும் ஃபிட்டிங் பெரும்பாலும் பித்தளை. ரேடியேட்டரும் செம்பு–பித்தளை என்றால் கவலை குறைவு. அது அலுமினியமாக இருந்துவிட்டால்தான் சிக்கல். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் தொடர்பில் இருந்தால் அது ஒரு பேட்டரிதான். மின்வேதித் தரவரிசையில் செம்பு +0.34 வோல்ட்டில் நிற்கிறது, அலுமினியம் −1.66 வோல்ட்டில். அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் கொஞ்ச நாள் காப்பாற்றும். அப்புறம் தண்ணீரில் கரைந்த செம்பு அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) வந்து அலுமினியத்தின் மேல் படியும். படிந்த இடத்திலெல்லாம் ஊசியால் குத்தியதுபோலக் குழி விழும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் செம்பு ரேடியேட்டர் என்று சொல்லி விற்ற ஒன்றை, பழையது என்பதால் சல்லிசாக வருகிறதே என்று வாங்கி மாட்டினேன். ஏழாவது மாதம் பம்ப் சத்தம் மாறியது. கூலன்ட் தொட்டியைத் திறந்து பார்த்தால் அடியில் நனைந்த சுண்ணக்கட்டியைப் போல வெள்ளைக் கூழ். பிளாக்கைப் பிரித்தேன். உள்ளே வரிசையாக நிற்கும் மெல்லிய செம்புச் செதில்களின் நடுவே அதே கூழ் இறுகிக் கிடந்தது. ரேடியேட்டரின் கீழ் மூலையில், கறுப்பு பெயின்ட் உப்பி நின்ற இடத்தை நகத்தால் தட்டினேன், பெயின்ட் உதிர்ந்து ஒரு துளி ஈரம் எட்டிப் பார்த்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் கீழே இருந்த கார்டின் மேல் சொட்டியிருக்கும்.

அதனால் வாங்கிய ரேடியேட்டரை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமான உலோகம், தூக்கினாலே கனம் தெரியும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், இரண்டிலும் ஒட்டாது. ஃபிட்டிங் திருகும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரை மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளி வெளுப்பாக இருந்து, ரேடியேட்டரும் இலேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் என்று உறுதியானால் என் பரிந்துரை ஒன்றே ஒன்று: நிறமில்லாத, புரோப்பிலீன் கிளைக்கால் அடிப்படையிலான கூலன்ட். உலோக அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள் அதில் இருக்க வேண்டும். பென்சோட்ரையசோல் என்ற பெயரை அட்டையில் பார்த்தால், அது செம்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காக்கும் பொருள். தண்ணீர் சேர்க்க வேண்டிய அடர் கூலன்டை வாங்கிக் கலக்குபவரானால் டிஸ்டில்டு வாட்டரில், அட்டையில் சொன்ன விகிதத்தில் கலக்குங்கள். கொஞ்சம் குறைத்துக் கலந்து மிச்சப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கிளைக்கால் போதிய அளவு இருந்தால் கிருமி வளராது. இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் அதே கிளைக்கால் கிருமிகளுக்குத் தீனியாகிவிடும்.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டுமா? வீட்டில் ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வாளி வாளியாக வருகிறது. அதுவும் ஆவியாகிக் குளிர்ந்த தண்ணீர்தானே?

பதில்: யோசனை நல்ல யோசனைதான், ஆனால் வேண்டாம். ஏசி தண்ணீர் ஆவியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அது சொட்டுவதற்கு முன் அறையின் தூசும் கிருமியும் படிந்த உலோகத் தகடுகளைக் கழுவிக்கொண்டு வருகிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மூன்று நாள் மூடி வைத்து முகர்ந்து பாருங்கள், புரியும்.

ஆர்ஓ இயந்திரம் உப்பைக் குறைக்கும், முழுதாக எடுக்காது. குடிப்பதற்கான இயந்திரங்கள் பல, சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கவும் செய்கின்றன. சிலர் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது, கரைந்த உப்பில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே நிற்கிறது. டிஸ்டில்டு வாட்டர் விலையும் குறைவு, ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும். இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

கேள்வி: நான் வாங்கிய பாட்டிலில் மின்சாரம் கடத்தாத கூலன்ட் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் கசிந்தாலும் மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகாதுதானே?

பதில்: அந்த வாசகத்தை நம்பிக் கசிவுச் சோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். பாட்டிலைத் திறந்த நேரத்தில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். மிகத் தூய தண்ணீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ்தான், கிட்டத்தட்டக் கடத்தாது என்றே சொல்லலாம். ஆனால் செம்பையும் பித்தளையையும் தழுவி ஓடும் தண்ணீர் அயனிகளை எடுத்துக்கொண்டே இருக்கும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் கரைத்துக்கொள்ளும். சில வாரங்களில் அது கடத்தும் திரவம். போதாததற்கு, கசிந்த துளி விழுவது சுத்தமான போர்டின் மேல் அல்ல, தூசு படிந்த போர்டின் மேல்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கூலன்ட் ஊற்றுவதற்கு முன், சைக்கிள் பம்ப் போன்ற ஒரு கைக்கருவியால் சுற்றுக்குள் அரை பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்து, அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் பார்ப்பேன். பிறகு திரவத்தை நிரப்பி, மதர்போர்டுக்கோ கார்டுக்கோ மின்சாரம் போகாமல், பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து ஓட விடுவேன். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை மடித்து வைப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் நனைந்து கறையாக நிற்கும், விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். இரவு முழுவதும் ஓடி, காலையில் எல்லா மடிப்பும் மொறமொறவென்று இருந்தால்தான் மற்ற வயர்களை மாட்டுவேன். இந்த ஒரு இரவை யாருக்காகவும் நான் சுருக்கியதில்லை.

ஓடும் கணினியில் கசிவைப் பார்த்துவிட்டால், விண்டோஸை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். போர்டை ஈரத்தோடு கெடுப்பது தண்ணீரைவிட அதிலோடும் மின்சாரம்தான். முழுதாகக் காய்ந்த பிறகு, படிந்த உப்பைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டினால் பிழைத்த போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பால்போன்ற வெள்ளைக் கூலன்ட் மேல் எனக்கு அப்படியொரு ஆசை. படங்களில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதை ஊற்றவே கூடாது என்கிறார்கள் சிலர். உண்மையா?

பதில்: அந்த அழகு எனக்கும் தெரியும். கண்ணாடிக் குழாயில் பால் வெள்ளை ஓடும்போது விளக்கொளி அதில் பரவி நிற்பதைப் போல நிறமில்லாத தண்ணீரில் ஒருபோதும் வராது. ஊற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எதை ஊற்றுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு ஊற்றுங்கள்.

ஒளி ஊடுருவாத கூலன்டில் நிறம் கரைந்திருப்பதில்லை. மிக நுண்ணிய திடத்துகள்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. மிதப்பது என்றாவது படியும். பிளாக்குக்குள் இருக்கும் செம்புச் செதில்களின் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் முதலில் அடைபடுவது அங்கேதான். ரேடியேட்டரில் சால்டர் செய்தபோது மிச்சமிருந்த பசை (ஃபிளக்ஸ்), வேறு கம்பெனிக் கூலன்டின் எச்சம், கழுவாமல் விட்ட அமிலம், எது பட்டாலும் திரிந்துவிடும். பால் திரிவதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதேதான்.

ஆகவே வெள்ளைதான் வேண்டும் என்றால் புது பாகங்களில் மட்டும் ஊற்றுங்கள். ரேடியேட்டரை அதற்குமுன் சூடான டிஸ்டில்டு வாட்டரால் குலுக்கிக் குலுக்கிக் கழுவுங்கள், சால்டர் செய்தபோது நின்ற பசை கருப்புப் பொடியாக வந்து நிற்கும் வரை. கணினியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் அடியையும் குழாய் வளைவுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைவின் உட்புறத்தில் மெல்லிய கோடு விழுந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மினுமினுப்பு கலந்து சுழல்வதுபோல் தெரியும் வகை இருக்கிறதே, அது படம் எடுப்பதற்கும் கண்காட்சியில் வைப்பதற்கும். தினம் வேலை செய்யும் கணினிக்கு நான் ஊற்ற மாட்டேன்.

கேள்வி: நிறமில்லாத கூலன்ட்தான் ஊற்றினேன். ஒரு வருடம் கழித்து பிளாக்குக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பாசியா? பூச்சிமருந்து மாதிரி ஏதாவது சேர்க்கட்டுமா?

பதில்: எதையும் சேர்க்காதீர்கள். முதலில் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். மெழுகுபோல ஒட்டி, வாசனை இல்லாமல் இருந்தால் அது பாசி இல்லை, உங்கள் குழாயிலிருந்து வந்தது. மிருதுவான பிவிசி குழாய் வளைவதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருளைச் சேர்க்கிறார்கள். சூடான திரவம் ஓட ஓட அது கசிந்து வெளியேறும். குழாய் மங்கிப்போய், விறைத்தும் இருக்குமே, பார்த்தீர்களா? வழுவழுப்பாக, முகர்ந்தால் குட்டை நாற்றம் அடித்தால்தான் உயிருள்ளது. பச்சை நீலமாக இருந்தால் செம்பு அரிக்கிறது என்று பொருள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் முதல் வகைபோலத் தெரிகிறது. கூலன்டை மாற்றிப் பயனில்லை, குழாயை மாற்றுங்கள். ஈபிடிஎம் ரப்பர் குழாய் கறுப்பாக, அலங்காரமில்லாமல் இருக்கும். ஆனால் இந்தத் தொல்லையே வராது, வெளிச்சம் போகாததால் பாசியும் பிடிக்காது. பிளாக்கைப் பிரித்து, சூடான தண்ணீரும் பழைய மிருதுவான டூத்பிரஷும் வைத்து, செதில்கள் போகும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் செதில் மடிந்துவிடும்.

கிருமிக்காக வெள்ளிச் சுருளை மாட்டும் பழக்கம் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. நிக்கல் பூசிய பிளாக் இருந்தால் அதையும் செப்பு சல்பேட்டையும் சுற்றுக்குள் விடாதீர்கள். பூச்சு உரிந்து வந்த பிளாக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் வீட்டில் ஒரு கேன் இருக்கிறது. அதுவும் அதே வேலைக்குத்தானே?

பதில்: ஓடும். பல உலோகங்கள் சேர்ந்திருக்கும் சுற்றைக் காப்பதிலும் அது கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனாலும் என் வீட்டில் நான் ஊற்ற மாட்டேன். பெரும்பாலான கார் கூலன்ட்களின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், நஞ்சு. தரையில் சிந்திய கொஞ்சத்தை நாயோ பூனையோ நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. கணினியில் தண்ணீர் உறைந்துபோகும் குளிர் இல்லாதவரை அவ்வளவு வீரியமான கிளைக்காலுக்குத் தேவையே இல்லை.

அதேபோல, கிருமி வராது என்று ஆல்கஹால் கலப்பவர்கள் அக்ரிலிக் தொட்டியை மறந்துவிடுகிறார்கள். அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் திருகு இறுகியிருக்கும் இடங்களிலிருந்து முடிபோல விரிசல் ஓடும்.

கேள்வி: கடையில் முழுதாக மூடி விற்கும் கூலரில் களக் களக்கென்று சத்தம் கேட்கிறது. திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் ஒன்றாக வாழவைப்பது உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பான்தான். வெறும் தண்ணீர் ஊற்றினால் அதை நீர்த்துப்போகச் செய்கிறீர்கள். வருடங்கள் போகப் போகக் குழாய்ச் சுவர் வழியே கொஞ்சம் கொஞ்சமாக நீராவி வெளியேறிக் காற்று சேர்வது இயல்பு. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டிப் பாருங்கள். காற்று மேலே போய் ஒதுங்கும், சத்தமும் நின்றுவிடலாம்.

கேள்வி: பழைய சூப்பர் கம்ப்யூட்டர்களில் போர்டையே திரவத்தில் மூழ்கவைத்தார்களாமே? அந்தத் திரவத்தைக் குழாயில் ஓட விட்டால் கசிவு பயமே இருக்காதே?

பதில்: 1985இல் வந்த கிரே-2 தான் நீங்கள் சொல்வது. ஃபுளோரினெர்ட் என்ற, மின்சாரம் கடத்தாத ஃபுளோரின் திரவத்தில் அதன் போர்டுகள் மூழ்கியிருந்தன. ஆனால் அந்தத் திரவம் கிலோவுக்குச் சுமார் 1.1 கிலோஜூல்தான் ஏந்தும், வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு. மூழ்கவைக்கும்போது ஒவ்வொரு சில்லையும் நேரடியாகத் தொடுவதால் அது ஈடாகிறது. குழாய்க்குள் அடைத்தால் அந்த நன்மை போய்விடும், விலை மட்டும் மிஞ்சும். அதைத் தயாரித்த 3எம் நிறுவனம், இந்த வகை வேதிப்பொருட்கள் சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்கிவிடுகின்றன என்ற கவலைகள் பெருகிய நிலையில், 2025 முடிவுக்குள் உற்பத்தியை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் அக்கா? போன முறை எப்போது ஊற்றினேன், என்ன கலந்தேன் என்பதே மறந்துவிட்டது.

பதில்: நிறமில்லாத நல்ல கூலன்ட் என்றால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சிலவற்றின் அட்டையில் இரண்டு வருடம் என்றும் போட்டிருக்கும். தேதி வராவிட்டாலும் நிறம் மாறினாலோ, நுரை நின்றாலோ, கலங்கினாலோ காத்திருக்காதீர்கள். உங்களுக்கு எதை ஊற்றினோம் என்று தெரியாததால், மேலே கொஞ்சம் நிரப்பிச் சமாளிக்காமல் முழுவதையும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரை இரண்டு முறை ஓடவிட்டு வடித்து, புதிதாகத் தொடங்குங்கள். இந்த முறை ஒரு காகித டேப்பில் தேதி, கூலன்டின் பெயர், கலந்த விகிதம் மூன்றையும் பேனாவால் எழுதி, தொட்டிக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். பென்சிலில் எழுதாதீர்கள், சூட்டில் கைபட்டுக் கைபட்டு அழிந்துவிடும்.